இல்லாத பாதையின் சரக்கு

இல்லாத ஒரு ரயில் பாதையை வரைகிறவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி கொஞ்ச காலமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. வரைவதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. தேனியில் மதுரை–போடி ரயில் பாதையை விட்டுப் பிரிந்து, வீரபாண்டி, சின்னமனூர் என்று போய், கம்பத்தில் ஒரு லூப், ஒரு சைடிங், எஞ்சினைத் திருப்ப ஒரு டர்ன்டேபிள், அதற்கு அப்பால் கூடலூர் என்று பென்சில் தன் போக்கில் போயிற்று. அப்படி ஒரு பாதை கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் இதை ஃப்ரீலான்ஸ் லேஅவுட் என்பார்கள். நிஜத்தில் உள்ள பாதையை அளந்து சிறிதாக்குவதை விட்டுவிட்டு, இருந்திருக்கக்கூடிய ஒன்றை நாமே யோசித்து, அதற்கு ஒரு காலம், ஒரு நிர்வாகம், ஒரு கால அட்டவணை எல்லாம் வகுத்து மேசைமேல் கட்டுவது. கேட்பதற்கு இது முழுச் சுதந்திரம் போல இருக்கும். பென்சிலைக் கையில் எடுத்த பிறகுதான் அந்தச் சுதந்திரத்தின் கனம் தெரிகிறது. நிஜப் பாதையை மாதிரியாக்குகிறவரிடம் இந்த பிளாட்பாரம் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று கேட்டால் பழைய புகைப்படத்தை எடுத்துக் காட்டிவிடுவார். என்னிடம் கேட்டால் நான்தான் காரணம் சொல்ல வேண்டும். ஏன் இங்கே வளைவு, ஏன் இந்த ஊரில் நிற்கிறது, ஏன் அந்த ஊரில் நிற்பதில்லை, யார் காசு போட்டார்கள், எதை ஏற்றி அந்தக் காசை எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் மண்ணிலிருந்து ஒரு பதில் வேண்டும். ‘அறையில் இடம் அவ்வளவுதான்’ என்பதே உண்மையான பதில். ஆனால் அந்தப் பதில் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பாதை அங்கேயே செத்துவிடும்.

இடம் என்பது சாதாரண விஷயமில்லை. ஹெச்.ஓ. அளவில் எல்லாம் 87-இல் ஒரு பங்காகச் சுருங்கும். நிஜத்தின் ஒரு கிலோமீட்டர் அங்கே பதினொன்றரை மீட்டர். தேனிக்கும் கம்பத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதை அப்படியே போட 460 மீட்டர் நீளத்துக்கு மேசை வேண்டும். இருப்பதோ ஓர் அறையின் இரண்டு சுவர். மூலையில் திரும்புவதற்கு அரை மீட்டர் ஆரத்தில் தண்டவாளத்தை வளைக்கிறோம். நிஜத்தில் அது 43 மீட்டர் ஆரம். நம்மூர் மீட்டர்கேஜ் மெயின் லைனில் அப்படி ஒரு வளைவை எந்தப் பொறியாளரும் போட்டிருக்க மாட்டார். ஆகவே வளைவை ஒரு கரட்டுக்குப் பின்னாலோ தென்னந்தோப்புக்குப் பின்னாலோ மறைக்க வேண்டும். மறைப்பதற்கென்றே ஒரு கரடு முளைக்கிறது. அந்தக் கரட்டைப் பார்க்கும்போதெல்லாம் அது அங்கே இருக்க வேண்டிய கரடுதானா என்று எனக்குச் சந்தேகம். தண்டவாளமும் நம்மூர்க்காரன் இல்லை. இந்த அளவில் மீட்டர்கேஜுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் என்று ஒன்று விற்கிறது. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மீட்டர்கேஜில் ஓடுவதால் அதை மாதிரியாக்கும் ஐரோப்பியர்களுக்காக வந்த சரக்கு. ஆல்ப்ஸ் மலைக்காகச் செய்த அந்தத் தண்டவாளத்தின் ஸ்லீப்பர் கட்டைகளைக் கத்தியால் வெட்டி இடைவெளி மாற்றி, சலித்த கல்தூளை ஜல்லியாகத் தூவி, தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். காய்ந்ததும் ஜல்லி நிறம் கொஞ்சம் கறுக்கும், ஈரம் போகாத செங்கல் தூள் போல ஒரு வாசனை வரும். அந்த நேரத்தில் மட்டும் சந்தேகம் எதுவும் இருப்பதில்லை.

முழுக்க முழுக்கக் கற்பனையில் ஒரு பாதையைக் கட்டி, அதை உலகமே நம்பும்படி செய்தவர் ஜான் ஆலன். கலிபோர்னியாவின் மான்டரேயில், தன் வீட்டின் அடித்தளத்தில், தரையிலிருந்து கூரைவரை எழும் மலைகளுக்கிடையே அவர் போட்ட கோரி அண்ட் டஃபீட்டட் பாதைக்கு நிஜத்தில் எந்த மூலமும் இல்லை. தொழில்முறைப் புகைப்படக்காரர் என்பதால் கண் எங்கே ஏமாறும் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடிகளைப் பொருத்தி இடத்தைப் பெருக்கினார். ஒரு ஸ்டெகோசாரஸ் பொம்மையை யார்டில் வேகன் தள்ளுகிற எஞ்சினாக்கி எம்மா என்று பெயர் வைத்தார். இவ்வளவு விளையாட்டுக்கும் நடுவே அவர் விடாமல் பிடித்துக்கொண்ட ஒன்று அழுக்கு. மாதிரி ரயில்கள் கடைப்பெட்டியில் இருந்து எடுத்த பளபளப்போடு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய வேகன்களில் துரு வழிந்தது, எஞ்சின் கொட்டகையில் கரி படிந்தது, பலகைகள் வெயிலில் வெளுத்துப் பிளந்திருந்தன. பொருள்கள் உழைத்திருக்கின்றன என்ற உணர்வு அது. 1973 ஜனவரியில் மாரடைப்பில் இறந்தார். அடுத்த சில நாட்களுக்குள் அந்த வீட்டில் தீப்பிடித்துப் பாதையில் பெரும்பகுதி எரிந்துபோனது. மிஞ்சியது அவர் எடுத்த படங்கள்தாம். அவற்றை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆனால் அந்த மலை ஊர்களில் யார் இருக்கிறார்கள், எதைத் தின்று எதை விற்று வாழ்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. காட்சியின் நிறைவு அந்தக் கேள்விக்கு இடம் கொடுப்பதில்லை. எனக்கு அந்தக் கேள்வி வேண்டியிருக்கிறது. அதனால் ஆலனின் வழி என் வழி இல்லை.

எனக்கு நெருக்கமானவர் ஒரு பாதிரியார். பீட்டர் டென்னி, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, கடையில் எதுவும் கிடைக்காத காலத்தில், கிடைத்த அட்டையையும் தகரத்தையும் வைத்துத் தொடங்கியது அவருடைய பக்கிங்ஹாம் கிளைப் பாதை. கிரேட் சென்ட்ரல் ரயில்வே நிஜமான கம்பெனி. வடக்கிலிருந்து லண்டனுக்கு அது போட்ட புதிய மெயின் லைன் 1899-இல் திறந்தது. அந்தப் பாதை பக்கிங்ஹாம் ஊருக்கு மேற்கே சில மைல் தள்ளிப் போய்விட்டது, ஊருக்குள் வரவில்லை. வந்திருந்தால் என்று டென்னி யோசித்தார். அந்த ஒரு ‘இருந்தால்’ போதுமானதாக இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் அவர் நிஜத்துக்குக் கட்டுப்பட்டார். ஆண்டு 1907 என்று வைத்துக்கொண்டு, பெட்டிகளின் நிறம், சிக்னல் கைகாட்டிகள், பிளாட்பாரத்தில் நிற்கும் மனிதர்களின் உடை எல்லாவற்றையும் அந்த ஆண்டுக்குள் அடைத்தார். பிறகு கிராண்ட்பரோ ஜங்ஷன் வந்தது, லெய்டன் பஸ்ஸர்ட் வந்தது. கால அட்டவணைப்படி ரயில் ஓடும். ஒரு சிக்னல் பெட்டியிலிருந்து அடுத்ததற்கு மணியடித்துக் கேட்டுத்தான் வண்டி புறப்படும். பாதையின் மறுமுனையில், மேடைக்கு வெளியே ரயில்கள் காத்திருக்கும் ஃபிடில் யார்டில், மணிக்குப் பதில் மணி அடிக்க ஆள் வேண்டுமே! ஆளில்லாத நேரத்துக்காக ஓர் இயந்திரம் செய்தார். மணியைக் கேட்டுப் புரிந்துகொண்டு, பதில் மணி கொடுத்து, அடுத்த வண்டியை அனுப்பிவைக்கும். கூட இருந்து ரயில் ஓட்டிய மகன் கிரிஸ்பினின் பெயரை அதற்கு வைத்தார்: ஆட்டோமேட்டிக் கிரிஸ்பின். கணினி வீட்டுக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்னால் நடந்தது இது. நிஜமான கிரேட் சென்ட்ரல் கம்பெனி 1923-இல் வேறு கம்பெனிகளோடு இணைக்கப்பட்டுப் பெயரிழந்தது. அந்த மெயின் லைனின் பெரும்பகுதியை 1966-இல் மூடித் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். டென்னியும் போய்விட்டார். பக்கிங்ஹாம் கிளையோ இன்னொருவர் கையில் இன்னும் ஓடுகிறது. மரம் காய்ந்து விழுந்த பிறகும் அதில் ஒருபோதும் முளைக்காத கிளை பூத்துக்கொண்டிருக்கிறது. பொய்யென்று அதை எப்படிச் சொல்வது? 1907-இல் கிரேட் சென்ட்ரல் எப்படி வேலை செய்தது, ஒரு சிறிய ஊருக்கு எத்தனை வண்டி வந்தது, பால் கேன் எப்போது ஏறியது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு, போடப்படாத அந்தப் பாதை பிடுங்கப்பட்ட பாதையைவிட அதிகம் சொல்லும்.

இருந்தாலும் டென்னியின் ஆண்டு என்னை யோசிக்க வைக்கிறது. 1907 அழகான ஆண்டு; போருக்கு முந்தியது. அமெரிக்காவில் இதையே செய்கிறவர்களில் பலர் 1950களைத் தேர்கிறார்கள். நீராவி எஞ்சினும் டீசலும் ஒரே யார்டில் நிற்கும் காலம் அது. கண்ணுக்கு இனிய ஆண்டு எதுவோ அதுவே பாதையின் ஆண்டாகிவிடுகிறது. ஓஹையோ மாநிலம் டேட்டனில் ஆலன் மெக்லெலண்ட் கட்டிய வர்ஜீனியன் அண்ட் ஓஹையோ பாதை அப்பலாச்சிய மலைகளின் நிலக்கரியைச் சுமப்பதாகக் கற்பிக்கப்பட்டது. ஃப்ரீலான்ஸ் பாதைக்கு ஒரு தர்க்கம் உண்டு என்று காட்டியவர் அவர். பாதை அடித்தள அறையோடு முடிந்துவிடக் கூடாது, அறைக்கு வெளியே ஒரு நாடு இருக்க வேண்டும், இங்கே ஏறும் கரி அந்த நாட்டில் எங்கோ ஓர் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார். அதற்காக மறைவான யார்டுகள். அங்கிருந்து வரும் வண்டி நிஜக் கம்பெனிகளின் வேகன்களை இழுத்துக்கொண்டு கற்பனைப் பாதைக்குள் நுழையும், வேலையை முடித்து மறுபக்கம் மறையும். பார்க்கிறவர் பார்ப்பது நீண்ட பயணத்தின் ஒரு துண்டை மட்டும். இந்த ஒரு யோசனையால் இந்தக் கலை வயதுக்கு வந்தது என்றே நான் நினைக்கிறேன். அதற்கப்புறமும் ஒன்று நெருடுகிறது. அப்பலாச்சிய நிலக்கரிப் பாதைகளைப் போட்டவர்கள் எத்தனையோ பேர். கரி கொட்டும் டிப்பிள், கம்பெனி கட்டிய வரிசை வீடுகள், கம்பெனிக் கடை எல்லாம் அருமையாக வந்திருக்கும். 1921-இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காகத் துப்பாக்கியோடு நின்றார்களே, அந்த மலையின் சரிவுதான் அது. பஞ்சும் பிளாஸ்டரும் வைத்து அதே சரிவைக் கட்டும்போது அந்த ஆட்கள் வராமல் போகிறார்கள். இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. கட்டுகிறவர் கை அன்பாகத்தான் கட்டுகிறது. அன்பாகக் கட்டும்போது சண்டை தானாகவே வெளியே நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

டோனி கோஸ்டர் என்று ஒருவர். நிஜமான நிக்கல் பிளேட் ரோடு கம்பெனியின் துணைப் பாதையாக அலிகெனி மிட்லண்ட் என்ற ஒன்றைக் கற்பித்து, கால் நூற்றாண்டு அதோடு வாழ்ந்தார். பிறகு அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, நிக்கல் பிளேட்டின் நிஜப் பகுதி ஒன்றையே மாதிரியாகக் கட்டத் தொடங்கினார். நிஜம் அவரை இழுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கும் அந்த வழி உண்டு. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 1928-இல் திறந்தது. உலகப்போரின்போது தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி போட்டார்கள். அகலப்பாதையாக்க 2010 கடைசியில் நிறுத்தினார்கள். 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் வண்டி வந்தது. இவ்வளவு வரலாறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இல்லாத பாதையை ஏன் கட்ட வேண்டும்? பதில் எனக்குத் தெரியும், சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. அந்தப் பள்ளத்தாக்குக்கு ரயில் வேண்டும் என்று அங்கே இருக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை என்பது மனுக்களிலும் தேர்தல் மேடைகளிலும் தேய்ந்துபோன ஒரு வரி. டென்னி யாரும் கேட்காத பாதையைப் போட்டார். நான் போடுவது கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பாதை. ஒருவருடைய கோரிக்கையை எடுத்துப் பொழுதுபோக்காக ஓட்டிப் பார்க்கலாமா என்பதுதான் உறுத்தலின் வேர்.

உத்தமபாளையத்துக்காரர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்தார். இடப் பற்றாக்குறையால் அந்த ஊர் ஸ்டேஷனை நான் விட்டிருந்தேன். சுருக்கும்போது எல்லோரும் செய்வதுதான், நான்கு ஊரில் இரண்டை எடுத்துக்கொள்வது. விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் சின்னமனூரைத் தாண்டியதும் நிறுத்தினார். “ஏண்ணே, எங்க ஊர்ல வண்டி நிக்காதா?” மேசையில் இடமில்லை என்றேன். “கவர்மெண்டு காசில்லங்குது, நீங்க இடமில்லங்கிறீங்க.” கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கால அட்டவணையை எடுத்துப் பார்த்தார். கம்பத்திலிருந்து முதல் வண்டி காலை எட்டு மணிக்கு என்று போட்டிருந்தேன். மதுரைக்குப் போகிற பேராசிரியர்கள், வக்கீல்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மனதில் இருந்தார்கள். “எட்டு மணிக்கு ஆரு போவா? ஏலக்காட்டு வேலைக்குப் போற பொம்பளையாளுக நாலரைக்கே தூக்குவாளியோட ரோட்டுல நிப்பாங்க. ஜீப்புக்குள்ள எத்தன பேரு தொங்கிட்டுப் போறாங்கன்னு பாத்திருக்கீகளா?” பார்த்திருக்கிறேன். கம்பம் மெட்டிலும் குமுளி மலையிலும் இருட்டு பிரியாத நேரத்தில் ஏறும் அந்த ஜீப்புகளைப் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். பாதை வரையும்போது அவர்கள் நினைவுக்கு வராமல் போனதற்குக் காரணம் நான் தேர்ந்த ஆண்டு. 1950களின் கடைசி, பெரியாறு நீர் மின்நிலைய இயந்திரங்கள் வேகனில் வந்து இறங்குவது, புதிய ஒய்.பி. எஞ்சின், கரிப்புகை. அந்த ஆண்டுக்குள் இந்த ஜீப்புகளுக்கு இடமில்லை. இப்போது 1980களின் நடுப்பகுதிக்கு மாற்றிவிட்டேன். கண்ணுக்கு அவ்வளவு இனிய காலமில்லை. நிறம் மங்கிய பெட்டிகள், பாதி வண்டிக்கு ஒய்.டி.எம்.4 டீசல், சுவரெல்லாம் கட்சிச் சின்னம். முதல் வண்டி கூடலூரை நோக்கி அதிகாலை 4.40-க்குப் புறப்படுகிறது. ரயில் மலையேறாது, மலையடியில் இறங்கி ஜீப் பிடிக்க வேண்டும். பாதி தூரமாவது உட்கார்ந்து போகலாம்.

சரக்கைப் பற்றியும் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் பன்னீர் திராட்சை, ஏலக்காய், தென்னை என்று கை தானாக எழுதும். திராட்சை கூட்ஸ் வேகனில் நாள்கணக்கில் கிடந்து பிழைக்காது. பாசஞ்சர் வண்டியின் பார்சல் பெட்டியில், வைக்கோல் திணித்த மரப்பெட்டிகளில் அன்றைக்கே போனால் உண்டு. ஏலக்காய் விலை கூடிய சரக்கு, எடை குறைவு, கண்காணிப்பு வேண்டும். வியாபாரிகள் லாரியை விட்டு வர மாட்டார்கள். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் பள்ளத்தாக்கிலிருந்து போவதைவிடப் பள்ளத்தாக்குக்கு வருவதுதான் கனமான சரக்கு. உரமூட்டை, சிமெண்ட், மலைமேல் தோட்டங்களுக்குப் போகும் அரிசி. நிறைந்து வந்து காலியாகத் திரும்பும் வேகன்கள். அப்படியென்றால் கணக்கில் இந்தப் பாதை நஷ்டத்தில்தான் ஓடும். அதை மறைக்க நான் விரும்பவில்லை. கம்பம் சைடிங்கில் காலி வேகன்கள் நிற்கட்டும். நஷ்டத்தில் ஓடினாலும் ஓட வேண்டிய பாதை என்று ஒன்று உண்டு; அதைக் கட்டிக் காட்ட இந்தக் கலையால் முடியும் என்று நம்புகிறேன்.

இன்னொன்றும் கட்டியிருக்கிறேன். பாதை போகிற இடம் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இருபோக வயல். பென்சில் அதைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனபோது யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, யாரும் வந்து மறிக்கவில்லை. நிஜத்தில் ஒவ்வொரு சென்ட்டும் யாரோ ஒருவருடையது. ஆகவே சின்னமனூருக்கு அப்பால், பாதை கரையேறும் இடத்தில், ஒரு கிணற்றைத் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அதன் வயலை அந்தப் பக்கமும் வைத்தேன். பம்ப்செட் கொட்டகை, ஒற்றைக் கதவு, கதவில் நீல பெயிண்ட். கொட்டகையிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, ஜல்லிக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் தொட்டியில் எழுகிறது. குழாய்க்கு அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி. இணைப்பில் சைக்கிள் டியூப் சுற்றியிருப்பதாகக் காட்ட ஒரு துளி கறுப்பு. கிணற்றுக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்டவாளத்தைக் கடக்கிறார் என்பது அவர் போட்ட ஒற்றையடிப் பாதையின் தேய்மானத்தில் தெரிய வேண்டும் என்று அந்த மண்ணை மட்டும் பலமுறை உரசினேன். ரயில் போகும்போது யாரும் அதைக் கவனிக்காமல் இருக்கலாம். பாதைக்கு ஒரு விலை இருந்தது என்பது கட்டியவனுக்காவது தெரிய வேண்டும்.

உத்தமபாளையத்தைச் சேர்த்தாயிற்று, அதற்காகச் சின்னமனூர் லூப் ஒரு வேகன் நீளம் குறைந்தது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குத் தனி வண்டி விடுவதா, இருக்கிற வண்டியில் பெட்டி சேர்ப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதை நான் தனியாக முடிவு செய்யவும் கூடாது. பழைய போடி மீட்டர்கேஜ் பாதையில் வேலை பார்த்தவர்கள், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர்கள், பார்சல் போட்ட வியாபாரிகள், திருவிழாக் கூட்டத்தில் படியில் தொங்கி வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். எந்த மாதம் எந்தச் சரக்கு வரும், எந்த வண்டி எங்கே காத்துக் கிடக்கும், காலி வேகன்களை எப்போது இழுத்துப் போவார்கள் என்று நினைவில் உள்ளபடி எழுதினால் போதும். கம்பத்துக் கால அட்டவணையை அதை வைத்துத் திருத்திக்கொள்கிறேன்.